ஒரே மலை, இரு பட்டியல்கள்: சேர்வராயனில் தலித்துகளும் பழங்குடிகளும்

தமிழ்நாட்டுச் சட்டமன்றத்தின் 234 தொகுதிகளில் பழங்குடியினருக்கு ஒதுக்கப்பட்டவை இரண்டே. ஒன்று சேந்தமங்கலம், மற்றொன்று ஏற்காடு. பெயர் ஏற்காடு என்றாலும், இத்தொகுதியின் வாக்காளர்களில் பெரும்பாலோர் ஏற்காட்டு மலையில் வாழ்பவர்கள் அல்லர். வாழப்பாடியும் அயோத்தியாப்பட்டணமும் சுற்றியுள்ள சமவெளி ஊர்களும்தான் இங்கே வெற்றி தோல்வியை முடிவு செய்கின்றன. வேட்பாளர் பழங்குடியாக இருக்க வேண்டும்; அவரைத் தேர்ந்தெடுப்பவர்களோ பெரும்பாலும் பழங்குடியல்லாதோர். 1932ஆம் ஆண்டின் பூனா ஒப்பந்தத்திற்குப் பிறகு தலித் அரசியல் தொண்ணூறு ஆண்டுகளாகச் சுமந்துவரும் அதே சிக்கல் இது. யாருடைய பிரதிநிதி என்று சொல்லப்படுகிறாரோ அவர்களுக்கன்றி, யாருடைய வாக்கால் வென்றாரோ அவர்களுக்கே அவர் கட்டுப்படுகிறார்.

சிக்கல் ஒன்றுதான். எனினும், தனித்தொகுதி முறையின் குறைகளைப் பேசும் நம் கூட்டங்களில் 44 பட்டியல் சாதித் தொகுதிகளைப் பற்றி விரிவாகப் பேசுகிறோம். இந்த இரண்டைப் பற்றி ஒரு சொல்லும் வருவதில்லை. மலையில் நடக்கும் பழங்குடி உரிமைக் கூட்டங்களிலும் இதன் மறுபக்கத்தைக் காணலாம். ஒரே அதிகாரத்தின் கீழ் நசுங்கும் இரு மக்கள் திரள்கள் ஒன்றையொன்று பாராமலேயே தத்தம் வழக்கை நடத்திக்கொண்டிருக்கின்றன. இது தற்செயலாக நேர்ந்ததா, சட்டமும் நிலவுடைமையும் சேர்ந்து உருவாக்கியதா என்பதைச் சேர்வராயன் மலையை வைத்து ஆராய்வதே இக்கட்டுரையின் நோக்கம்.

முதலில் மலையில் வாழ்வோர் யார் என்பதைப் பார்ப்போம். சேர்வராயனின் பூர்வகுடிகள் மலையாளிகள். கேரளத்தவரோடு இவர்களைக் குழப்பிக்கொள்வோர் இன்றும் சேலம் நகரத்திலேயே உண்டு. மலையை ஆள்பவர், மலையில் வாழ்பவர் என்ற பொருளில் வழங்கும் பெயர் இது; பேசுவது தமிழ். 2011 கணக்கெடுப்பின்படி தமிழ்நாட்டின் பழங்குடியினர் ஏறத்தாழ 7.95 லட்சம் பேர். அவர்களுள் மலையாளிகளே மிகப் பெரிய பிரிவினர். தம் முன்னோர் காஞ்சிபுரத்திலிருந்து வந்த வேளாளர் என்பது இவர்களிடம் தலைமுறைகளாக வழங்கும் கதை. பிரித்தானிய இனவரைவியலாளரான எட்கர் தர்ஸ்டன் 1909இல் வெளியிட்ட தொகுதிகளில் அக்கதையைப் பதிவு செய்தார். ஊர்த்தலைவர்களின் அடுக்கு, நாட்டுப் பிரிவுகள், கவுண்டர் என்னும் பட்டம் ஆகியவையும் இச்சமூகத்தின் வாழ்வில் உண்டு. அந்தக் கதை வரலாற்று உண்மையா என்பது எனக்கு முக்கியமில்லை. அது செய்கிற வேலைதான் முக்கியம். சமவெளியின் சாதி ஏணியில் தமக்கும் ஒரு படி உண்டு, அதற்குக் கீழேயும் படிகள் உண்டு என்று அது சொல்கிறது. ஒவ்வொரு படியில் நிற்பவருக்கும் தமக்குக் கீழே ஒருவர் இருப்பதால் ஏணியைக் காப்பாற்றும் ஆர்வம் பிறக்கிறது என்று அம்பேத்கர் விளக்கிய படிநிலை ஏற்றத்தாழ்வு, காடுகளின் எல்லையோடு நின்றுவிடுவதில்லை.

தோட்டங்களின் வரலாறு பத்தொன்பதாம் நூற்றாண்டின் முற்பகுதியில் தொடங்குகிறது. சேலம் ஆட்சியராக இருந்த எம்.டி. காக்பர்ன் 1820களில் இங்கே காபியைப் பயிரிட்டார். அவரைத் தொடர்ந்து ஐரோப்பியத் தோட்ட முதலாளிகள் வந்தனர். பின்னர் இந்திய முதலாளிகள் கைமாற்றிக்கொண்டனர். சில்வர் ஓக் நிழலும் அதில் ஏறிய மிளகுக் கொடியும் அடியில் காபிச் செடியுமாக இன்று சுற்றுலாப் பயணி படம் எடுத்துக்கொள்ளும் நிலக்காட்சி முழுவதும் கூலி உழைப்பால் உருவானது. தென்னிந்தியத் தோட்டங்கள் எங்கும் சமவெளியின் நிலமற்ற ஒடுக்கப்பட்ட சாதியினரைக் கங்காணிகள் வழியே மலையேற்றின. சேர்வராயனில் மலையாளிகளும் கூலிக்குச் சென்றனர். ஆக, காபிப் பழம் பறிக்கும் பருவத்தில் ஒரே வரிசையில் நின்று ஒரே தராசில் மூட்டையை வைப்பவர்கள் இவ்விரு மக்களும்தாம். பறிப்பு முடிந்ததும் ஒருவர் தம் ஊருக்குத் திரும்புவார். சிறிதாயினும் அங்கே அவருக்குப் புன்செய் நிலமோ, நிலத்தின் நினைவோ இருக்கும். மற்றவர் தோட்டத்து லயத்துக்குத் திரும்புவார். அந்தக் கூரையும் அவருடையதன்று.

இந்த வேறுபாட்டைச் சட்டம் எப்படிக் கையாள்கிறது? 1961ஆம் ஆண்டின் தமிழ்நாடு நில உச்சவரம்புச் சட்டம் காபி, தேயிலை, ரப்பர் போன்ற தோட்டப் பயிர் நிலங்களுக்கு விலக்களித்தது. சமவெளியில் ஐந்து பேர் கொண்ட குடும்பத்துக்கு 15 தர ஏக்கர் என்று வரம்பிட்ட அரசு, மலையில் நூற்றுக்கணக்கான ஏக்கரை ஒருவர் வைத்திருப்பதை ஏற்றுக்கொண்டது. 1951ஆம் ஆண்டின் தோட்டத் தொழிலாளர் சட்டம் வீடு, மருத்துவம், குழந்தைகள் காப்பகம் ஆகியவற்றை முதலாளியின் கடமையாக்கியது. ஆனால், அந்த வீட்டை வேலையோடு கட்டிவைத்தது. வேலை போனால் வீடும் போகும். நான்கு தலைமுறை உழைத்தவருக்கும் ஒரு சென்ட் நிலம் உரிமையாகாது. இப்போது அந்தச் சட்டமும் 2020இல் நிறைவேறிய தொழில் பாதுகாப்புத் தொகுப்புச் சட்டத்துக்குள் கரைக்கப்பட்டுள்ளது.

இதன் முடிவு என்னவாக இருக்கும் என்பதற்குத் திருநெல்வேலி மாவட்டத்தின் மாஞ்சோலை கண்முன் நிற்கிறது. கூலி உயர்வு கேட்டும் சிறையிலிருந்த தொழிலாளர்களின் விடுதலை கேட்டும் சென்ற ஊர்வலத்தின்மீது 1999 ஜூலை 23 அன்று காவல்துறை நடத்திய தாக்குதலில் 17 பேர் தாமிரபரணியில் மாண்டனர். கால் நூற்றாண்டுக்குப் பிறகு, 2024இல், தோட்டத்தை நடத்திய நிறுவனம் வெளியேறியபோது அதே தலித் தொழிலாளர்களின் பிள்ளைகள் மலையைவிட்டு இறங்கும்படி சொல்லப்பட்டனர். அவர்கள் தொடுத்த வழக்குகளை அவ்வாண்டு டிசம்பரில் சென்னை உயர் நீதிமன்றம் தள்ளுபடி செய்தது. புலிகள் காப்பகத்தின் பாதுகாப்பும் குத்தகைச் சட்டமும் அத்தீர்ப்பில் பேசின. தலைமுறைகளின் உழைப்புக்குப் பேச ஒரு சட்டப்பிரிவு இல்லை.

இனி வன உரிமைச் சட்டத்துக்கு வருவோம். 2006இல் இயற்றப்பட்ட இச்சட்டம் காடு சார்ந்து வாழ்வோர்க்கு வரலாறு இழைத்த அநீதியைச் சரிசெய்வதாகத் தன் முகவுரையிலேயே ஒப்புக்கொள்கிறது. சென்னை உயர் நீதிமன்றம் 2008இல் விதித்த கட்டுப்பாட்டால் தமிழ்நாட்டில் பட்டா வழங்குவது முடங்கி, 2016இல் உச்ச நீதிமன்றம் அதை நீக்கும்வரை எட்டு ஆண்டுகள் வீணாயின. அந்தத் தாமதம் எல்லோரையும் தாக்கியது. ஆனால், சட்டத்துக்குள்ளேயே ஒரு கோடு கிழிக்கப்பட்டுள்ளது. பட்டியல் பழங்குடியினர் 2005 டிசம்பர் 13க்கு முன்பிருந்து நிலத்தில் இருப்பதைக் காட்டினால் போதும். பிற பாரம்பரிய வனவாசிகள் என்ற பிரிவில் வரும் தலித் குடும்பமோ அந்நாளுக்கு முன் மூன்று தலைமுறை, அதாவது 75 ஆண்டுகள், அங்கே வாழ்ந்ததை நிறுவ வேண்டும். 1930ஆம் ஆண்டில் தன் பாட்டன் அந்த மலைச்சரிவில் இருந்தார் என்பதற்கு நிலமற்ற ஒருவர் எந்த ஆவணத்தைக் காட்டுவார்? தோட்டத்தின் கூலிப் பதிவேடு முதலாளியின் அலுவலகத்தில் இருந்தது. இருந்ததோ, கரையான் தின்றதோ.

சட்டம் பயிலும் மாணவர்களுக்கு இங்கே ஒரு செய்தியைச் சொல்ல வேண்டும். ‘மலையாளி’ என்ற பெயர் பழங்குடிப் பட்டியலில் எல்லா இடத்துக்குமாக இல்லை. தருமபுரி, வட ஆர்க்காடு, புதுக்கோட்டை, சேலம், தென் ஆர்க்காடு, திருச்சிராப்பள்ளி என்ற பழைய மாவட்டங்களுக்கு மட்டுமே அது பொருந்தும். பழைய கோயம்புத்தூர் மாவட்டம் அதில் இல்லை. எனவே, இன்றைய ஈரோடு மாவட்டத்தின் பர்கூர் மலையில் வாழும் மலையாளிகள் அதே குலம், அதே வழக்கம் உடையோராயினும் பழங்குடியாக ஏற்கப்படுவதில்லை. சேர்வராயன் மலையாளிக்குச் சட்டம் கேட்காத 75 ஆண்டுச் சான்றைப் பர்கூர் மலையாளியிடம் கேட்கிறது. அந்த இடத்தில் பர்கூர் மலையாளியும் தோட்டத்து தலித்தும் ஒரே வரிசையில், ஒரே வெறுங்கையோடு நிற்கின்றனர். பட்டியல்கள் இயற்கையின் படைப்பல்ல, வருவாய்த்துறையின் எல்லைக்கோடுகளில் எழுதப்பட்டவை என்பதற்கு இதைவிடத் தெளிவான சான்று எனக்குத் தெரியவில்லை.

மதமும் இதே கத்தியால் அறுக்கிறது. பத்தொன்பதாம் நூற்றாண்டிலிருந்தே கிறித்தவ நிறுவனங்கள் வேரூன்றிய மலை ஏற்காடு. பழங்குடி ஒருவர் கிறித்தவத்தைத் தழுவினாலும் பழங்குடியாகவே தொடர்வார். தலித் ஒருவர் தழுவினால் 1950ஆம் ஆண்டின் குடியரசுத் தலைவர் ஆணை அவரைப் பட்டியல் சாதியிலிருந்து நீக்கிவிடுகிறது. ஒரே தேவாலயத்தின் ஒரே வரிசையில் முழந்தாளிடும் இருவரில் ஒருவருக்கு வன்கொடுமைத் தடுப்புச் சட்டம் உண்டு, மற்றவருக்கு இல்லை.

அந்தச் சட்டத்தைப் பற்றியே நாம் தயங்கித் தயங்கிப் பேசும் ஒரு கேள்வி இருக்கிறது. 1989ஆம் ஆண்டின் வன்கொடுமைத் தடுப்புச் சட்டத்தின் மூன்றாம் பிரிவு, பட்டியல் சாதியையோ பழங்குடியையோ சேராத ஒருவர் இழைக்கும் குற்றங்களைப் பற்றியது. ஒரு பழங்குடி நிலவுடைமையாளர் தலித் தொழிலாளியைச் சாதிப்பெயர் சொல்லி இழிவுபடுத்தினால், தண்ணீர்க் குழாயருகே தடுத்தால், இச்சட்டம் வாய் திறக்காது. தலித் ஒப்பந்தக்காரர் ஒருவர் பழங்குடிப் பெண்களின் கூலியை விழுங்கினாலும் அவ்வாறே. சட்டத்தை இயற்றியோரின் கணக்கு எளிமையானது: ஆதிக்கச் சாதியினரிடமிருந்து இவ்விருவரையும் காப்பது. அக்கணக்கு பெரும்பான்மை உண்மைக்குப் பொருந்துகிறது. எனவே இச்சட்டத்தைத் திருத்தி, ஒடுக்கப்பட்டோரையே ஒருவருக்கெதிராக மற்றவர் வழக்குத் தொடுக்க வைக்க வேண்டும் என்று நான் வாதிடவில்லை. அப்படியொரு திருத்தத்தை முதலில் கொண்டாடுபவர்கள் தோட்ட முதலாளிகளாகவும் ஆதிக்கச் சாதிச் சங்கங்களாகவுமே இருப்பார்கள். ஆனால், தீண்டாமையை ஒழிக்கும் அரசமைப்பின் 17ஆம் கூறு குற்றவாளியின் சாதியைக் கேட்பதில்லை. 1955ஆம் ஆண்டின் குடியுரிமைப் பாதுகாப்புச் சட்டமும் கேட்பதில்லை. பாதிக்கப்பட்டவர் பட்டியல் சாதியினர் என்றால், மாறாக நிறுவப்படும்வரை அச்செயல் தீண்டாமையின் அடிப்படையில் நிகழ்ந்ததாகவே நீதிமன்றம் கொள்ள வேண்டும் என்று அதன் 12ஆம் பிரிவு சொல்கிறது. தண்டனை குறைவு, நிவாரணத் தொகை இல்லை என்பதால் காவல் நிலையங்களும், உண்மையைச் சொன்னால் வழக்கறிஞர்களாகிய நாங்களும், மறந்துபோன சட்டம் அது.

முரண்பாட்டைப் பேசாமல் விட்டால் ஒற்றுமை வளரும் என்று நம் இயக்கங்களில் ஒரு நம்பிக்கை உண்டு. ஒடிசாவின் கந்தமால் மாவட்டம் அந்த நம்பிக்கையின் விலையைக் காட்டியது. அங்கே கந்த பழங்குடியினரும் பாண தலித்துகளும் நெடுங்காலமாக அருகருகே வாழ்ந்தனர். பாணர்களில் பெரும்பாலோர் குயி மொழியும் பேசினர். கிறித்தவராகிப் பட்டியல் சாதித் தகுதியை இழந்த பாணர்கள் பழங்குடித் தகுதி கேட்டபோது, தம் நிலமும் ஒதுக்கீடும் பறிபோகும் என்று கந்தர்கள் அஞ்சினர். அந்த அச்சம் அடிப்படையற்றதன்று. நிலக் கைமாற்றங்கள் குறித்த பழைய மனக்குறைகள் இருந்தன. யாரும் தீர்க்காது விட்ட அந்தக் குறைக்குள் இந்துத்துவ அமைப்புகள் புகுந்தன. 2007 டிசம்பரிலும் 2008 ஆகஸ்டுக்குப் பின்னும் எரிந்தவை தலித் கிறித்தவர்களின் வீடுகளும் தேவாலயங்களும். பல்லாயிரம் பேர் முகாம்களுக்கு ஓடினர். தீ மூட்டியவர்களின் அரசியல் லாபம் யாருக்குப் போனது என்று அனைவரும் அறிவர். கந்தர்களின் நிலச்சிக்கல் அன்றும் தீரவில்லை.

அதே ஒடிசாவில்தான் நியம்கிரியும் இருக்கிறது. வேதாந்தா குழுமத்தின் ஆலைக்குப் பாக்சைட் தோண்டும் திட்டத்தை, உச்ச நீதிமன்றத்தின் 2013 ஏப்ரல் தீர்ப்புக்குப் பின் கூடிய 12 கிராம சபைகளும் ஒருமனதாக நிராகரித்தன. டோங்கிரியா கந்தர்களின் தெய்வம் அந்த மலை என்பதே உலகச் செய்தியானது. ஆனால், மலைச்சரிவின் மேய்ச்சலையும் காட்டுப் பொருள்களையும் நம்பி வாழ்ந்த நிலமற்ற தலித் குடும்பங்களும் அப்பகுதியில் உண்டு. நியம்கிரியில் மக்களின் தன்மை வேறாகிவிடவில்லை. முடிவெடுக்கும் இடம் ஊரிலேயே இருந்தது, அதுதான் வேறுபாடு.

நியம்கிரியைச் சேர்வராயனுக்கு அந்நியமாக நினைக்க வேண்டாம். பின்னாளில் இதே வேதாந்தா குழுமத்தின் கைக்கு வந்த மேட்டூர் மால்கோ அலுமினிய ஆலைக்குச் சேர்வராயனிலிருந்தும் கொல்லிமலையிலிருந்தும்தான் பல பத்தாண்டுகள் பாக்சைட் இறங்கியது. சேர்வராயன் கோயிலிருக்கும் மலைத்தொடரின் தலையே செம்மண்ணாகச் சரிந்தது. அக்காலத்தில் இங்கே யாரும் கிராம சபையைக் கூட்டிக் கேட்கவில்லை. தமிழ்நாட்டில் ஐந்தாம் அட்டவணைப் பகுதி என்று ஓர் அங்குலமும் அறிவிக்கப்படவில்லை. ஆகவே அப்பகுதிகளின் கிராம சபைகளுக்கு அதிகாரம் தந்த 1996ஆம் ஆண்டின் பெசா சட்டமும் இங்கே இல்லை. அண்டை மாநிலமான ஆந்திரத்தில் பழங்குடி நிலத்தைப் பிறர் வாங்குவதைத் தடுக்கும் தனிச்சட்டம் உண்டு. சமூகநீதியின் தாயகம் என்று நாள்தோறும் சொல்லிக்கொள்ளும் நம் மாநிலத்தில் அப்படியொரு சட்டம் இல்லை. விடுதிகளும் வார இறுதி வீடுகளும் மலையேறும் வேகத்தை இதோடு சேர்த்துப் பார்த்தால் நிலம் எங்கே போகிறது என்பது புரியும். இதே கதையைத் தலித்துகள் முன்பே வாழ்ந்துள்ளனர். செங்கல்பட்டு ஆட்சியர் டிரெமென்ஹீரின் அறிக்கையைத் தொடர்ந்து 1892இல் ஒதுக்கப்பட்ட பஞ்சமி நிலங்களைப் பிறருக்கு விற்கக் கூடாதென்ற நிபந்தனை ஆணையில் தெளிவாக இருந்தும், அவை பெருமளவில் கைமாறின. பழங்குடி நிலத்துக்குச் சட்டம் இல்லாமல் பறிபோகிறது. பஞ்சமி நிலம் நிபந்தனை இருந்தும் பறிபோனது. இவ்விரு அனுபவங்களும் ஒரு மேசையில் அமர்ந்தால், எத்தகைய சட்டம் வேண்டும், அதை யார் காவல் காக்க வேண்டும் என்பதில் நமக்குச் சொல்ல நிறைய இருக்கும்.

அப்படி அமர்ந்து வென்ற அனுபவம் தொலைவில் இல்லை. சேர்வராயனுக்கு வடக்கே, சித்தேரி மலையடிவாரத்தின் வாச்சாத்தி மலையாளிகளின் ஊர். 1992 ஜூன் 20 அன்று சந்தனக்கட்டை தேடுவதாகப் புகுந்த வனத்துறை, காவல்துறை, வருவாய்த்துறையினர் 18 பெண்களைப் பாலியல் வன்முறைக்கு ஆளாக்கினர், வீடுகளை உடைத்தனர், கிணற்றைப் பாழாக்கினர். அரசு அதை மறுத்தது. தமிழ்நாடு மலைவாழ் மக்கள் சங்கமும் மார்க்சிஸ்ட் கட்சியும் வழக்கைக் கையிலெடுத்தன. உயர் நீதிமன்ற ஆணையால் விசாரணை மத்தியப் புலனாய்வுத் துறைக்குச் சென்றது. குற்றஞ்சாட்டப்பட்டோர் 269 பேர். 2011 செப்டம்பர் 29 அன்று தருமபுரி நீதிமன்றம் தீர்ப்பளித்தபோது அவர்களில் 54 பேர் இறந்துவிட்டனர். உயிரோடிருந்த 215 பேரும் தண்டிக்கப்பட்டனர். சரியாகப் பன்னிரண்டு ஆண்டுகள் கழித்து, 2023 செப்டம்பர் 29 அன்று, உயர் நீதிமன்றம் அதை உறுதி செய்தது.

இவ்வழக்கை நீதித்துறையின் வெற்றியாகக் கற்பிப்பது வழக்கம். நான் அதை வேறுவிதமாகப் படிக்கிறேன். அந்தப் பெண்கள் பத்தொன்பது ஆண்டுகள் ஒரே சொல்லில் நின்றனர். ஊர் அவர்களைத் தனித்தனியாக விலைபேச விடவில்லை. மலைக்கு வெளியே உள்ள தொழிற்சங்கத்தினர், மாதர் அமைப்பினர், வழக்கறிஞர்கள் பழங்குடியாக இல்லாமலேயே அந்த வழக்கைத் தம் வழக்காக்கினர். அடையாளம் ஒன்றானதால் வந்த ஒத்துழைப்பன்று அது; வேலையைப் பகிர்ந்துகொண்டதால் வந்தது. தலித் இயக்கங்கள் அந்த நீண்ட வழக்கில் எவ்வளவு தூரம் உடன் நடந்தன என்பதை நம் இளைஞர்கள் விசாரித்துப் பார்க்கட்டும். 2015 ஏப்ரல் 7 அன்று சேஷாசலக் காட்டில் ஆந்திரக் காவல்துறை சுட்டுக்கொன்ற 20 தமிழ்த் தொழிலாளர்களில் பலர் மலையாளிப் பழங்குடிகள். அதற்காக நாம் எத்தனை நாள் தெருவில் இருந்தோம் என்பதும் சேர்த்துக் கேட்க வேண்டிய கேள்வியே.

மறுதலையாகவும் கேட்கலாம். சேர்வராயனின் மேற்கு அடிவாரத்தில் தீவட்டிப்பட்டி இருக்கிறது. 2024 மே தொடக்கத்தில் அங்கே மாரியம்மன் கோயிலில் வழிபடும் உரிமையைத் தலித்துகள் கோரியதும் மோதல் வெடித்துக் கடைகள் எரிந்தன. ஆதிக்கச் சாதி மனைவியைத் தேடி வந்ததாகச் சந்தேகித்தே கொல்லப்படும் இளைஞர்களின் மாவட்டம் இது. ஓமலூர் கோகுல்ராஜ் 2015இல் கொல்லப்பட்டது ஒரு மாணவியோடு பேசியதற்காக. மலையின் ஊர்த்தலைவர்கள் இவற்றைச் சமவெளிச் சாதிச் சண்டை என்று ஒதுக்கிவிட முடியாது. சந்தைக்கும் மருத்துவமனைக்கும் கல்லூரிக்கும் அவர்களின் பிள்ளைகள் இறங்குவது அதே சமவெளிக்குத்தான். அங்கே ‘மலைக்காரன்’ என்ற சொல் மரியாதையாக ஒலிப்பதில்லை.

எனவே மலையில் கோரிக்கைகளை இணைத்து எழுத வேண்டும் என்கிறேன். பழங்குடி நிலக் கைமாற்றைத் தடுக்கும் சட்டம் என்ற கோரிக்கையில் தோட்டத் தொழிலாளர் சங்கங்கள் முதல் கையெழுத்தைப் போடட்டும். லயங்களில் வாழும் குடும்பங்களுக்கு மனைப்பட்டா என்ற கோரிக்கையில் மலையாளி ஊர்கள் முதல் கையெழுத்தைப் போடட்டும். அந்த மனை எங்கிருந்து வரும் என்று உடனே கேட்பார்கள், சரியான கேள்விதான். பழங்குடியின் புன்செய்யிலிருந்தன்று, உச்சவரம்பு விலக்கில் ஒளிந்திருக்கும் தோட்ட நிலத்திலிருந்து என்று இரு தரப்பும் சேர்ந்து பதில் சொல்லும் நாள்தான் தோட்ட அலுவலகங்களில் கவலை தொடங்கும் நாள். இதை எழுத்தில் வைக்காமல் வெறும் நல்லெண்ணமாக விட்டால் முதல் வதந்தியிலேயே அது உடையும்.

தொடங்குவதற்கு இடமும் இருக்கிறது. 2012இல் திருத்தப்பட்ட வன உரிமை விதிகளின்படி கிராம சபை தேர்ந்தெடுக்கும் வன உரிமைக் குழுவில் 10 முதல் 15 உறுப்பினர்கள். குறைந்தது மூன்றில் இரு பங்கினர் பழங்குடியினர். மூன்றில் ஒரு பங்குக்குக் குறையாமல் பெண்கள். மீதமுள்ள இடங்களில் யார் அமர வேண்டும் என்று விதி சொல்லவில்லை. பல ஊர்களில் அவை காகிதத்தில் நிரப்பப்பட்டோ நிரப்பப்படாமலோ கிடக்கின்றன. அந்தச் சில நாற்காலிகளில் காபி பறிக்கும் தலித் பெண்களை அமர்த்தும் தீர்மானத்தை அடுத்த கிராம சபையில் ஒரு மலையாளி ஊர் முன்மொழியட்டும். 75 ஆண்டுச் சான்றுக்கு ஆவணம் இல்லாவிடில் ஊரின் மூத்தோர் தரும் எழுத்துமூல வாக்குமூலத்தையும் சான்றாக ஏற்கலாம் என்று அதே விதிகள் சொல்கின்றன. தோட்டத்துக் குடும்பத்தின் பாட்டன் எந்தச் சரிவில் குடியிருந்தார் என்பதற்கு அந்த வாக்குமூலத்தை எழுதித் தரக்கூடிய முதியவர்கள், பக்கத்து ஊர்த் திண்ணையில் இன்னும் உயிரோடு இருக்கின்றனர்.